பிள்ளைகளும் சரித்திரமும்
(மணவூரில் பேசிய சொற்பொழிவின் சாரம்)



நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுச் சரித்திரத்தை விளையாட்டு வீடியோப் படங்களின் மூலம் கற்பிக்கலாமா என்பது பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் பண்டிதரல்ல, சரித்திர ஆராய்ச்சிக்காரருமல்ல. ஆனாலும் பிள்ளை வளர்க்கிற எவருக்கும் இதில் அபிப்பிராயம் சொல்லப் பாத்தியதை உண்டு என்கிற துணிவில்தான் இங்கு நிற்கின்றோம். நாம் சொல்வதில் தவறிருந்தால் எழுந்து கேளுங்கள். அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இந்தப் படங்கள் எப்படிப்பட்டவை என்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஏதோ ஒரு மாய வண்டியில் ஏறுகிறார்கள். ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். வண்டி ஆயிரம் வருஷம் பின்னாலே போய் நிற்கிறது. அங்கே ராஜனைப் பார்க்கிறார்கள், குயவனைப் பார்க்கிறார்கள், ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டு தப்பித்து வீடு வந்து சேருகிறார்கள். சிரித்துக்கொண்டே பிள்ளைகள் கொஞ்சம் சரித்திரமும் தெரிந்துகொள்ளுகிறார்கள். இந்த யோசனை புதிதல்ல. காலத்தில் போய்வரும் இயந்திரத்தை வைத்து வெல்ஸ் என்கிற இங்கிலீஷ்காரர் 1895-லேயே கதை எழுதினார். 1959-ல் அமெரிக்காக்காரர் டெலிவிஷனில் ஒரு நாயைப் பண்டிதராகவும், ஒரு பையனை அதன் சிஷ்யனாகவும் ஆக்கி, இரண்டு பேரையும் பழங்காலத்துக்கு அனுப்பிச் சிரிக்க வைத்தார்கள். நம் தமிழிலேயே 2015-ல் "இன்று நேற்று நாளை" என்று ஒரு சினிமா வந்து, கால இயந்திரம் என்றால் என்னவென்று பட்டிதொட்டிக்கெல்லாம் தெரிந்து போயிற்று. நம் சர்க்காரும் 2018 முதல் பாடப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறியை அச்சடித்து, செல்போனைக் காட்டினால் படம் ஓடும்படி செய்தார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் ஆரம்பித்தார்கள். மறு வருஷமே கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் அந்தத் திரைதான் உபாத்தியாயராக இருந்தது. ஆகையால் படம் வேண்டுமா, வேண்டாமா என்கிற வாதத்துக்கு இனி இடமில்லை. படம் வந்துவிட்டது. எப்படிப்பட்ட படம் என்பதுதான் கேள்வி.

"விளையாட்டாகச் சொன்னால் படிப்பு கெட்டுப்போகும்" என்று சில பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். விளையாட்டில்லாமல் நாம் படித்த சரித்திரம் என்ன ஆயிற்று? பானிபட்டுச் சண்டை மூன்று. வருஷம் 1526, 1556, 1761 என்று உருப்போட்டோம். தப்பினால் பிரம்படி பட்டோம். பானிபட்டு கிழக்கே இருக்கிறதா, மேற்கே இருக்கிறதா என்று இன்றுவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சண்டையின் வருஷம் மண்டையில் நின்றது. சண்டை ஏன் வந்தது, அதனால் உழுகிறவனுக்கு என்ன லாப நஷ்டம் என்பது ஒன்றும் நிற்கவில்லை. அடிக்குப் பயந்து படித்தது அடி நின்றவுடன் மறந்து போயிற்று.

ஆனால் நம் வட்டாரத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். படுகளத்தன்று களிமண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்து ஊரே சுற்றி நின்று பார்க்கும். ஒரு எழுத்தும் படிக்காத பாட்டிக்குப் பதினெட்டு நாள் யுத்தமும் மனப்பாடம். காரணம் என்ன? வேஷம், பாட்டு, சிரிப்பு, அழுகை. நம்மவர்களுக்குக் காலப் பிரயாணம் புதிதல்ல. கூத்துக் கொட்டகையே நமது கால வண்டியாக இருந்திருக்கிறது. ஆகவே விளையாட்டுக்குச் சக்தியில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சக்தி மிகவும் அதிகம். அதிகமாக இருப்பதுதான் நமக்குப் பயம்.

ஏனென்றால், அந்தக் கூத்துக் கொட்டகையில் உட்கார்ந்த எவராவது, "ஐயா, இது நடந்தது என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதுண்டா? கேட்டால் விட்டிருப்பார்களா? கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம், ஆகவே நடந்தது என்று முடிவாகிவிட்டது. இப்பொழுது அதே காரியத்தைக் கைக்குள் அடங்குகிற திரை செய்கிறது. சமீபத்தில் ஒரு சிறு பெண் நம்மிடம் வந்து, "நந்தினியை எங்கே புதைத்தார்கள்?" என்று கேட்டாள். எந்த நந்தினி என்று விசாரித்தால், 2022-லும் 2023-லும் வந்த "பொன்னியின் செல்வன்" சினிமாவில் வரும் நந்தினி! அந்த நந்தினி, கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதியபோது கற்பனையாகப் படைத்த பாத்திரம். கதை எழுதியவர் கதை என்றே சொல்லி எழுதினார், அவர்மேல் குற்றமில்லை. சினிமா எடுத்தவர்மேலும் குற்றமில்லை. அந்தப் பெண்மேலும் குற்றமில்லை. ராஜராஜன் இருந்தான் என்பதற்குக் கல்லிலும் செப்பிலும் சாட்சியம் இருக்கிறது, நந்தினிக்கு அது இல்லை என்ற வித்தியாசத்தை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்காத நம்மேல்தான் குற்றம்.

இன்றைக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிதாகியிருக்கிறது. முன்பெல்லாம் படமெடுக்க வேஷக்காரர் வேண்டும், பணம் வேண்டும். இப்பொழுது கம்ப்யூட்டரே ராஜனுடைய முகத்தை உண்டாக்கி, வாயசைத்துப் பேச வைக்கிறது. சரித்திரத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவனும் ஒரு மணி நேரத்தில் ஒரு "சரித்திர" வீடியோ செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடலாம். நாம் ஜாக்கிரதையாக இல்லாவிட்டால், பழைய புராணத்தை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு புதுப் புராணத்தில் பிள்ளைகளைத் தள்ளினவர்களாவோம்.

ஆகவே நம்முடைய அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான். கால வண்டி எங்கே போய் நின்றாலும், அதில் இருக்கிற பிள்ளை இறங்கியவுடன், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கிற படம் நல்ல படம். கொடுக்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் புராணமே.

இதை வெறும் பேச்சாக விடாமல், நம்முடைய ஊரிலிருந்தே ஒரு சவாரி போய்க் காட்டலாம் என்று நினைக்கிறோம். திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு அத்தனை நாள் என்று சொல்லுவது வழக்கம். நாம் ஒரு படியை ஒரு வருஷமாக வைத்துக்கொள்ளுவோம். மலையுச்சி இன்றைக்கு. இறங்க இறங்கப் பழங்காலம். படியேறினால் புண்ணியம் வருமோ வராதோ, பிள்ளைக்குக் கணக்கு வரும்.

ஏறக்குறைய 65 படி இறங்கி நில்லுங்கள். 1960. அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதிதான் திருத்தணி தாலூகா சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. அதற்கு முன் அது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூரோடு ஆந்திராவுக்குப் போயிற்று. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் போன்றவர்கள் வடக்கெல்லைக் கிளர்ச்சி நடத்தினார்கள். படாஸ்கர் என்பவர் மத்தியஸ்தராக வந்து, ஒவ்வொரு கிராமத்திலும் எந்த மொழி பேசுகிறவர் அதிகம், அது எந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கச் சொன்னார். 1959-ல் சட்டமாயிற்று. இங்கிருந்து கொஞ்சம் வந்தது; அங்கே கொஞ்சம் போயிற்று. இதைப் படமாக எடுக்கிறவர் தெலுங்கு பேசுகிறவரை அரக்கனாக வேஷம் போட்டுக் காட்டினால், அது சரித்திரமல்ல. தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பங்கரையில் பேசுகிற வீடுகள் இந்த எல்லையில் எத்தனை! எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? சட்டம் இருக்கிறது, ஜனக்கணக்கு இருக்கிறது, எல்லாவற்றையும்விட உங்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டி இருக்கிறாள்.

இன்னும் 40 படி இறங்கினால் 1920. சென்னை நகரசபை, தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு ஒரணாவுக்கு மேற்படாமல், பகலில் சாப்பாடு போடத் தீர்மானித்தது. 1956-ல் காமராசர் அதைப் பள்ளிக்கூடங்களில் பரப்பினார். 1982-ல் எம். ஜி. ஆர். சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சாப்பாடும் ஆரம்பமாயிற்று. நம் பிள்ளை மத்தியானம் கையில் பிடிக்கிற தட்டுக்குள் நூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. இதை எந்தக் குழந்தையும் மறக்காது. ஏனென்றால் பசியோடு சேர்ந்த பாடம்.

மேலும் இறங்கி ஏறக்குறைய 170-வது படியில் நில்லுங்கள். 1856 ஜூலை முதல் தேதி. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் போன பாதை, இதோ நம் மணவூர் வழியாகப் போகிற இந்தப் பாதைதான். படமெடுக்கிறவர் புகைவண்டியையும், தொப்பி போட்ட துரையையும் காட்டுவார். காட்டட்டும். ஆனால் மண்சுமந்த கூலியையும் காட்ட வேண்டும். ஒரே பெட்டியில் எல்லா ஜாதியாரையும் உட்கார வைத்த அதே ரயில்வேயில், சாப்பாட்டு அறையில் மட்டும் பிராமணருக்கு வேறு, மற்றவருக்கு வேறு என்று வெகுகாலம் இருந்ததையும், போராடிய பிறகு 1941-ல் அது எடுபட்டதையும் காட்ட வேண்டும். "ஏன் அப்படி?" என்று பிள்ளை கேட்குமே என்று பயந்து அதை மறைப்பவர் பிள்ளைக்குச் சரித்திரம் சொல்ல லாயக்கில்லாதவர்.

இனி 365 படியும் இறங்கிவிட்டாலும் போதாது. மறுபடி மேலே போய் இறங்க வேண்டும். ஏறக்குறைய மூன்று தடவை மலையிறங்கினால் ராஜேந்திர சோழன் காலம். அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அங்கே 1905-ல் 31 செப்பேடுகள் கிடைத்தன. ராஜேந்திரனுடைய ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்கு விட்ட சாசனம் அது. நம் மணவூரும் பழைய மணவில்தான் என்று ஆராய்ச்சிக்காரர் கருதுகிறார்கள். குலோத்துங்கனுடைய தளபதி ஒருவனை அந்த ஊர்ப் பெயரால் மணவிற் கூத்தன் என்று கல்வெட்டுகள் சொல்லுகின்றன.

இந்தச் செப்பேட்டைப் போலப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேறு சாமான் கிடையாது என்போம். ஏன்? அதற்குள்ளேயே புராணமும் சரித்திரமும் கலந்திருக்கிறது. சோழர் வமிசம் சூரியனிடமிருந்து தொடங்கி, மனு, இட்சுவாகு, புறாவுக்குச் சதை அறுத்துக் கொடுத்த சிபி என்று வந்து, பிறகு தஞ்சாவூரைப் பிடித்த விஜயாலயன், ராஜராஜன் என்று இறங்குகிறது. பிள்ளையைக் கேளுங்கள்: "சூரியனுக்குப் பிள்ளை பிறக்குமா? எந்தப் பெயர் வரைக்கும் கதை? எந்தப் பெயரிலிருந்து சரித்திரம்?" செப்பில் எழுதியதனாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. வேறு கல்வெட்டும் அதையே சொல்லுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. தேதி ஆறாம் ஆண்டு. ஆனால் வடமொழிப் பகுதியில் கங்கைப் படையெடுப்பும் கடாரத்தை வென்றதும் வருகின்றன. கடாரப் படையெடுப்பு நடந்தது 1025-ல். 1018-ல் எழுதியவனுக்கு 1025-ல் நடக்கப்போவது எப்படித் தெரிந்தது? தீர்க்கதரிசனமா? இல்லை. அந்தப் பகுதி பிற்பாடு எழுதிச் சேர்த்தது என்று ஆராய்ச்சிக்காரர் முடிவுகட்டினார்கள். துப்பறியும் கதையைப்போல் இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். "எப்படித் தெரியும்?" என்கிற கேள்வியின் ருசியும் தெரிந்துவிடும்.

சோழர் காலத்துச் சாசனங்களில், தானம் விட்ட நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டார்கள் என்று காண்கிறோம். இதைப் படமாக்கினால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் யானையைக் காட்டியதோடு நின்றுவிடக் கூடாது. ராஜனுடைய பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறதே, அந்த வயலில் இறங்கி நாற்று நட்டவளுடைய பெயர் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். சரித்திரம் யாரை எழுதிற்று, யாரை விட்டுவிட்டது என்பதும் சரித்திரம்தான்.

கடைசியாக ஒரு நீண்ட சவாரி. நம் ஜில்லாவிலேயே பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலையாற்றுப் பிரதேசத்தில், அத்திரம்பாக்கம் என்கிற இடம் இருக்கிறது. 1863-ல் புரூஸ் பூட் என்கிற துரை அங்கே பழங்காலக் கல் ஆயுதங்களைக் கண்டார். 2011-ல் வெளியான ஆராய்ச்சி, அங்குள்ள மிகப் பழைய ஆயுதங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வருஷம், சராசரிக் கணக்கில் 15 லட்சம் வருஷம் என்று சொல்லுகிறது. அவ்வளவு தூரம் போகத் திருத்தணி மலையை நாலாயிரத்து நூறு தடவை இறங்க வேண்டும்! எப்படித் தெரியும்? வானத்திலிருந்து விழுகிற ஒருவகைக் கதிர், மேலே கிடக்கிற கல்லில் சில பொருள்களை உண்டாக்குகிறது. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்தால் அது நின்றுவிடுகிறது. உண்டானவை தெரிந்த கணக்குப்படி, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் குறைகின்றன. மிச்சத்தை அளந்தால் புதைந்த காலம் தெரிகிறது. யுகம் யுகமாக எண்ணிக்கை சொன்னவர்கள் யாரும் இப்படி அளந்து சொன்னதில்லை.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. "பார்த்தாயா, பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முன்னே தமிழன் இங்கே இருந்தான்" என்று ஒருவர் படமெடுத்து அனுப்பினால், நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய். நம்மைப் போன்ற மனித இனம் தோன்றியே சுமார் மூன்று லட்சம் வருஷந்தான் ஆகிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்திய வேறு மனித இனத்தார். அவர்கள் வாயில் தமிழை வைத்துப் பேச வைப்பது, சூரியனுக்குப் பிள்ளை பிறந்தது என்று எழுதுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. மற்றவனுடைய பொய்யை மாத்திரம் கண்டித்துவிட்டு, நமக்குப் பெருமை தருகிற பொய்யைத் தலையில் வைத்துக் கொண்டாடினால் நமக்குப் பகுத்தறிவு என்று பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகையால் படமெடுக்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது அதிகமில்லை. சிரிக்க வையுங்கள், வண்டி விடுங்கள், யானை விடுங்கள். ஆனால் படம் முடிவதற்குள், இதில் இது சாட்சியத்தால் தெரிந்தது, இது நாங்களாகச் சேர்த்த கற்பனை என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். சாட்சியமான கல்லையோ செப்பையோ கடுதாசியையோ ஒரு நிமிஷமாவது காட்டுங்கள். ராஜாவைக் காட்டுகிற இடத்தில் உழுதவனையும் நெய்தவளையும், பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையையும் காட்டுங்கள்.

பெற்றோர்களுக்குச் சொல்லுவது இன்னும் குறைவு. படத்தைக் காட்டிவிட்டு வேலை தீர்ந்தது என்று போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பூண்டியில் இருக்கிற பழங்கற்காலக் காட்சிசாலைக்கு அழைத்துப் போங்கள். சென்னைக்குப் போகிறபோது எழும்பூர் மியூசியத்தில் செப்பேடுகளைக் காட்டுங்கள். இதற்குச் செலவு, ஒரு கோயில் உற்சவத்துக்குப் போய்வருகிற செலவில் பாதிகூட ஆகாது.

அதைவிடச் சுலபமான காரியம் ஒன்று உண்டு. 1960-ல் பத்து வயதான பெண்கள் இன்று இந்த ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்து, "பாட்டி, நீ ஆந்திராவில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் என்ன பாஷை? சேர்ந்த அன்றைக்கு ஊரில் என்ன நடந்தது? உன்னை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், ஏன்?" என்று கேட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். பிறகு பக்கத்துத் தெருத் தாத்தாவையும் அதே கேள்வி கேட்கட்டும். இருவர் சொல்லும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. யார் சொல்லுவது சரி, அதற்கு ஆதாரம் என்ன என்று பிள்ளை தேட ஆரம்பிக்கும். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பிள்ளை சரித்திர மாணாக்கன்.

இதில் தாமதம் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். செப்பேடு எத்தனையோ நூறு வருஷம் மறைந்து கிடந்தாலும் நமக்காகக் காத்திருந்தது. திண்ணைப் பாட்டி அப்படிக் காத்திருக்க மாட்டாள். அவளோடு போகிற சரித்திரத்தை எந்தக் கால வண்டியும் திருப்பிக் கொண்டுவராது.

தோழர்களே! இவ்வளவு நேரம் நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகள், "அவர் சொன்னாரே, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், கோபிக்காமல் அவர்களோடு சேர்ந்து நீங்களும் தேடுங்கள். அப்படிக் கேட்கிற பிள்ளைகள் இந்த மணவூரில் பத்துப் பேர் உண்டானாலும், நாம் இங்கு வந்து பேசியது வீண்போகவில்லை என்று திருப்தியடைவோம்.